முடிவு தெரிந்தே பார்த்த நாடகங்கள்: கிரேக்க நாடகத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

சோஃபக்ளீஸ் எழுதிய ‘மன்னன் ஈடிப்பஸ்’ கி.மு. 429 வாக்கில் ஏதென்ஸ் நகரத்தில் மேடையேறியது. பார்க்க வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கதை முன்பே தெரியும். தீப்ஸ் நாட்டு அரசன் ஈடிப்பஸ் தன்னை அறியாமல் தகப்பனைக் கொன்றவன், தன்னை அறியாமல் தாயை மணந்தவன். அது வெளிப்படப் போகிறது, அவன் அழியப் போகிறான். சரி, பிறகு எதற்காக மெனக்கெட்டு வந்து பார்க்க வேண்டும்?

அடுத்த நூற்றாண்டில் ஆன்டிஃபனிஸ் என்ற நகைச்சுவை நாடகாசிரியர் இதை வைத்தே ஒரு புலம்பல் எழுதியிருக்கிறார். துன்பியல் எழுதுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், ‘ஈடிப்பஸ்’ என்று பேரைச் சொன்னாலே போதும், அப்பா யார், அம்மா யார், பிள்ளைகள் யார், என்ன செய்தான், என்ன பாடுபடப் போகிறான் என்று அத்தனையும் ஜனங்களுக்குத் தெரியும்; எங்களுக்குத்தான் பேரிலிருந்து முடிவுவரை எல்லாவற்றையும் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டிய தலையெழுத்து என்பது அவருடைய ஆதங்கம்.

கிரேக்க நாடகத்துக்குள் நுழைய இதுவே நல்ல வாசல் என்று நினைக்கிறேன். நமக்குத் தெரிந்த ஒன்று மேடையில் நிற்கிறவனுக்குத் தெரியவில்லையே என்ற பதைப்பைத்தான் அந்த ஆசிரியர்கள் தங்கள் கருவியாக வைத்திருந்தார்கள். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நாடகங்கள் எங்காவது ஓர் ஊரில் மேடையேறிக்கொண்டிருப்பதற்கும் அதுவே பெரிய காரணம் என்பது என் கட்சி.

கதைகள் வந்த வழி

முதலில் ஹோமர் பேரில் வழங்கும் இரண்டு காவியங்கள். ‘இலியட்’ 15,000 அடிகளைத் தாண்டும். ‘ஒடிசி’ சுமார் 12,000 அடிகள். ஹோமர் என்று ஒரே ஆள் இருந்தாரா, இரண்டையும் அவரே பாடினாரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் இவை எழுத்தில் ஏறும் முன்பே தலைமுறை தலைமுறையாக வாயால் பாடப்பட்ட மரபிலிருந்து வந்தவை என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ‘கால்வேகம் மிக்க அக்கிலிஸ்’, ‘ரோஜா விரல் கொண்ட வைகறை’ என்று அதே அடைமொழிகள் திரும்பத் திரும்ப வருவது பாடகனுக்குச் சந்தமும் நினைவும் கைகொடுப்பதற்காக. மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் 1930களில் யூகோஸ்லாவியாவுக்குப் போய், நீண்ட கதைப்பாடல்களை நின்ற இடத்தில் கட்டிப் பாடும் பாடகர்களைப் பதிவு செய்து இந்த வேலை எப்படி நடக்கிறது என்று காட்டினார்.

டிராய் நகரத்தைக் கிரேக்கர்கள் முற்றுகையிட்ட போர் பத்து ஆண்டுகள் நடந்தது என்பது கதை. ‘இலியட்’ அதில் சில வாரங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பலரும் எதிர்பார்க்கிற மரக்குதிரை அதில் வராது. கிரேக்க வீரன் அக்கிலிஸின் சாவும் வராது. தன் மகனைக் கொன்ற அந்த அக்கிலிஸின் கூடாரத்துக்கு இரவில் தனியாகப் போய், அவன் கையை முத்தமிட்டு, மகனின் உடலைக் கேட்டு வாங்கிவரும் டிராயின் கிழட்டு அரசன் பிரியம், அப்புறம் அந்த மகன் ஹெக்டரின் ஈமச்சடங்கு, அத்தோடு காவியம் முடிகிறது. டிராய் எரியப் போவது கேட்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும் என்பதால் கவிஞர் அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

நாடகாசிரியர்கள் இந்தக் கதைக்களஞ்சியத்திலிருந்து அள்ளிக்கொண்டார்கள். தன் நாடகங்கள் ஹோமரின் பெருவிருந்தில் அறுத்தெடுத்த துண்டுகள் என்று ஈஸ்கிலஸ் சொன்னதாகப் பின்னால் வந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அள்ளிய கதையை அப்படியே ஆட வேண்டும் என்ற கட்டாயமும் இருக்கவில்லை. கணவனால் கைவிடப்பட்ட மீடியா என்ற பெண்ணின் குழந்தைகளைக் கொரிந்த் ஊரார் கொன்றதாக ஒரு பழங்கதை உண்டு. யூரிப்பிடிஸின் நாடகத்தில் மீடியாவே கொல்கிறாள்.

திருவிழாவில் ஒரு போட்டி

இந்த நாடகங்கள் தினமும் டிக்கெட் போட்டு நடந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. மதுவின் தெய்வமான டயோனிசஸுக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் ஏதென்ஸ் நகரம் எடுத்த பெருவிழாவின் பகுதி அவை. அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில், வெட்டவெளியில், பகல் வெளிச்சத்தில் நடக்கும். மூன்று துன்பியல் ஆசிரியர்கள் மோதுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களும், கடைசியில் சாட்டிர் நாடகம் என்ற கேலிக்கூத்து ஒன்றும் தர வேண்டும். சாட்டிர்கள் என்பவை பாதி ஆளும் பாதி விலங்குமான, குடியும் கும்மாளமுமாகத் திரியும் பிறவிகள். மூன்று சோகங்களைப் பார்த்துக் கனத்துப் போனவர்களைச் சிரிக்கவைத்து அனுப்பும் ஏற்பாடு.

செலவு யாருடையது? நகரத்துப் பணக்காரர் ஒருவரின் தலையில் ஒரு நாடகக்குழுவைக் கட்டுவார்கள். கோரஸ் என்ற பாடற்குழுவுக்குப் பயிற்சி, உடை, சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. வரியும் கௌரவமும் கலந்த ஒரு கடமை அது. நடுவர்கள் குடிமக்களிலிருந்து குலுக்கலில் தேர்ந்தவர்கள். அவர்கள் தந்த ஓட்டுகளிலும் சிலவற்றை மட்டும் குலுக்கி எடுத்து எண்ணுவார்கள், யாரும் விலை கொடுத்து வாங்கிவிடக் கூடாதே என்று. இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் ‘மன்னன் ஈடிப்பஸ்’ முதல் பரிசை ஈஸ்கிலஸின் உறவினரான ஃபிலக்ளீஸிடம் இழந்தது. கி.மு. 431இல் ‘மீடியா’ மூன்றுக்கு மூன்றாவது இடம். ஃபிலக்ளீஸின் நாடகம் ஒன்றுகூட இன்று முழுதாக இல்லை.

நடிகர்கள் அனைவரும் ஆண்கள், முகமூடி அணிந்தவர்கள். ஆரம்பத்தில் ஒரே நடிகரும் கோரஸும் மட்டும்தான். இரண்டாவது நடிகரை ஈஸ்கிலஸும் மூன்றாமவரைச் சோஃபக்ளீஸும் கொண்டுவந்தார்கள் என்று அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். பேசும் பாத்திரங்கள் எத்தனை இருந்தாலும் அந்த மூன்று பேரே முகமூடியை மாற்றி மாற்றிச் சமாளிக்க வேண்டும். கீழே வட்டமான ஆடுகளத்தில் கோரஸ், துன்பியலில் முதலில் 12 பேர், பிறகு 15. அவர்கள் பாடுவார்கள், ஆடுவார்கள், ஊர்ப் பெரியவர்களாகவோ அடிமைப் பெண்களாகவோ கதைக்குள்ளும் இருப்பார்கள். நாயகனுக்குப் புத்தி சொல்வார்கள், பயப்படுவார்கள், பலநேரம் தப்பாகவும் நினைப்பார்கள்.

கொலைகள் பெரும்பாலும் பார்வையாளர் கண் முன் நடக்காது. உள்ளேயிருந்து அலறல் கேட்கும், அல்லது ஒரு தூதன் ஓடிவந்து நடந்ததை நுணுக்கமாகச் சொல்வான். ஈடிப்பஸ் கண்ணைக் குத்திக்கொள்வதும் அப்படித்தான். தூதன் சொல்லக் கேட்டபின், குருதி வழியும் முகமூடியோடு அவன் கதவைத் திறந்து வருவான். நேரில் காட்டியிருந்தால் இந்த அளவு நடுக்கம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

எதிரியின் துக்கத்தை ஆடிய நகரம்

கி.மு. 494இல் மிலெட்டஸ் என்ற கிரேக்க நகரம் பாரசீகர்களிடம் வீழ்ந்தது. ஃபிரினிக்கஸ் என்ற ஆசிரியர் அதை நாடகமாக்கினார். ஏதென்ஸ் மக்கள் அரங்கில் கதறி அழுதார்கள். பிறகு, தங்கள் சொந்தத் துயரத்தை நினைவூட்டியதற்காக அவருக்கு 1,000 டிராக்மா அபராதம் விதித்து, அந்த நாடகத்தை இனி யாரும் ஆடக் கூடாது என்று தடையும் போட்டார்கள். வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதி வைத்திருக்கும் செய்தி இது.

ஈஸ்கிலஸ் இதிலிருந்து பாடம் படித்திருப்பார் போலும். கி.மு. 480இல் சலாமிஸ் நீரிணையில் கிரேக்கக் கப்பல்கள் பாரசீகப் பெரும்படையை முறியடித்தன. எட்டு ஆண்டு கழித்து, கி.மு. 472இல், அதை வைத்து ‘பாரசீகர்கள்’ என்ற நாடகத்தைத் தந்தார். இன்று முழுதாகக் கிடைக்கும் துன்பியல்களில் இதுவே மிகப் பழையது. செலவை ஏற்றவர் அப்போது இளைஞராக இருந்த பெரிக்ளீஸ், பிற்காலத்தில் ஏதென்ஸின் பெருந்தலைவர்.

நாடகம் நடக்கும் இடம் பாரசீகத் தலைநகர். மேடையில் ஒரே ஒரு கிரேக்கன்கூட இல்லை. போருக்குப் போன பிள்ளைகள் என்ன ஆனார்களோ என்று கிழவர்கள் கவலைப்படுகிறார்கள். அரசனின் தாய் கெட்ட கனவு கண்டு வருகிறாள். தூதன் வந்து, எந்தெந்தத் தளபதி எங்கே எப்படிச் செத்தான் என்று வரிசையாகப் பேர் சொல்கிறான். கடைசியில் கிழிந்த உடையோடு அரசன் செர்க்ஸிஸ் வந்து ஒப்பாரி வைக்கிறான். பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் பலர் அந்தப் போரில் துடுப்புப் போட்டவர்கள். தங்கள் நகரை எரித்தவர்களின் வீட்டு அழுகையைத் தங்கள் கோவில் விழாவில் உட்கார்ந்து கேட்கிறார்கள். வெற்றிப் பெருமிதமும் அதில் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் எதிரியின் தாய்க்கு இவ்வளவு மதிப்பாகப் பேச இடம் கொடுத்த ஒரு வெற்றி விழா இன்றைக்கும் அபூர்வம்தான்.

நல்ல சேதி கொண்டுவந்த கிழவன்

இப்போது ஈடிப்பஸுக்குத் திரும்பலாம். தீப்ஸில் கொள்ளைநோய். முந்தைய அரசன் லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்து விரட்டினால்தான் தீரும் என்று தெய்வ வாக்கு. கொலையாளி யாராக இருந்தாலும் அவன் நாசமாகட்டும் என்று ஊரறியச் சாபமிடுகிறான் ஈடிப்பஸ். அவன் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அவன் தலையிலேயே விழுவது நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை.

அவன் வளர்ந்தது கொரிந்த் நகரில். அரசன் பாலிபஸைத் தகப்பன் என்று நம்பி வளர்ந்தவன். ‘தகப்பனைக் கொல்வாய், தாயை மணப்பாய்’ என்று குறி வந்ததும், அந்தப் பாவம் நடக்கக் கூடாது என்றுதான் கொரிந்தை விட்டே ஓடிவந்தான். நாடகத்தின் பாதியைத் தாண்டியதும் கொரிந்திலிருந்து ஒரு கிழவன் வருகிறான். பாலிபஸ் முதுமையில் இறந்துவிட்டார், நீதான் இனி எங்கள் அரசன் என்கிறான். நல்ல சேதி! தகப்பன் தன் கையால் சாகவில்லை, குறி பொய்த்துவிட்டது என்று ஈடிப்பஸுக்கு நிம்மதி. ஆனாலும் தாய் உயிரோடு இருக்கிறாளே என்று தயங்குகிறான்.

கிழவனுக்கு அவனைத் தேற்ற ஆசை. அட, இதற்கா பயப்படுகிறாய், அவர்கள் உன்னைப் பெற்றவர்களே இல்லை, கணுக்கால் துளைக்கப்பட்ட குழந்தையாக உன்னை மலையில் வாங்கி அவர்களிடம் கொடுத்தவனே நான்தான் என்கிறான். உன்னிடம் குழந்தையைக் கொடுத்தது யார்? லாயஸின் ஆள், ஓர் இடையன்.

இந்தப் பேச்சு நடக்கும்போது ஈடிப்பஸின் மனைவி யொகஸ்டா பக்கத்தில் நிற்கிறாள். தன் குழந்தையை ஒரு காலத்தில் கணுக்காலைப் பிணைத்து மலையில் எறியக் கொடுத்தவர்கள் அவளும் லாயஸும். அவளுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அவன் இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறான். வேண்டாம், இதற்கு மேல் கேட்காதே என்று கெஞ்சுகிறாள். நான் தாழ்ந்த குலம் என்று தெரிந்துவிடும் என வெட்கப்படுகிறாள் போலும் என்று அவன் தப்பாக எடுத்துக்கொள்கிறான். அவள் உள்ளே போய்விடுகிறாள். உயிரோடு திரும்புவதில்லை.

இந்த இடத்தைத்தான் அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ நூலில் உதாரணமாக எடுத்துக் காட்டுகிறார். பயத்தைப் போக்க வந்தவன் அதற்கு நேர் எதிரானதைச் செய்துவிடுகிறான், அது தலைகீழ்த் திருப்பம். அறியாமையிலிருந்து அறிவுக்குப் போவது கண்டுணர்தல். இரண்டும் ஒரே நொடியில் சேரும்போது கதை உச்சம் பெறுகிறது என்பது அவர் கணக்கு. துன்பியல் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி ‘கதார்சிஸ்’ செய்கிறது என்றும் எழுதினார். அதற்கு என்ன பொருள் என்று அவர் விளக்காமல் விட்டதால், அந்த உணர்ச்சிகள் கழுவப்படுகின்றனவா, தெளிவு பெறுகின்றனவா என்று அறிஞர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். தொடக்கநிலை வாசகர் அந்தச் சண்டைக்குள் போக வேண்டாம்.

யூரிப்பிடிஸ் இன்னொரு விதம். அரசர்களைவிடத் தோற்றவர்களும் பெண்களும் அடிமைகளும் பேசுவது அவரிடம் அதிகம். மெலோஸ் தீவை ஏதென்ஸ் பிடித்து, ஆண்களைக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையாக்கிய கொஞ்ச காலத்திலேயே, கி.மு. 415இல், அதே ஏதென்ஸ்காரர்கள் முன்னால் ‘டிராய் நாட்டுப் பெண்கள்’ நாடகத்தை வைத்தார். நகரம் வீழ்ந்த பிறகு பெண்களைப் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றிய நாடகம் அது.

அரிஸ்டாஃபனிஸ் நகைச்சுவையில் மன்னன். உயிரோடு இருந்த சாக்ரடீஸை ‘மேகங்கள்’ நாடகத்தில் கூடைக்குள் தொங்கவிட்டுக் கேலி செய்தார். 24 ஆண்டு கழித்து, கி.மு. 399இல் நடந்த வழக்கில், தன்மேல் உள்ள தப்பெண்ணத்துக்கு அந்த நாடகமும் ஒரு காரணம் என்று சாக்ரடீஸ் சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார்.

கையில் எஞ்சியவை

சோஃபக்ளீஸ் 120க்கு மேல் எழுதினார், முழுதாகக் கிடைப்பவை 7. ஈஸ்கிலஸுக்கும் 7. யூரிப்பிடிஸ் பெயரில் 19. அவற்றில் ஒன்றிரண்டு அவர்கள் எழுதியவைதானா என்பதே ஐயம்.

யூரிப்பிடிஸுக்கு மட்டும் ஏன் இவ்வளவு? பள்ளிகளில் பாடமாக இருந்ததால் பத்து தப்பின. மற்றவை வந்தது தற்செயல். அவருடைய நாடகங்களைக் கிரேக்க அகரவரிசையில் அடுக்கிய ஒரு தொகுப்பில், நடு எழுத்துகள் சிலவற்றில் தொடங்கும் பகுதி மட்டும் எப்படியோ பிழைத்துவிட்டது. அதனால்தான் ‘ஹெலன்’, ‘இயான்’, ‘எலெக்ட்ரா’ எல்லாம் நம் கையில் இருக்கின்றன. முழுதாகக் கிடைத்த ஒரே சாட்டிர் நாடகமான ‘சைக்ளாப்ஸ்’ பிழைத்ததும் அந்த அகரவரிசை தயவில்தான்.

எகிப்தின் மணல் இன்னொரு வழி. 1896 இறுதியில் ஆக்ஸிரிங்கஸ் என்ற இடத்தில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் பழைய குப்பைமேடுகளைத் தோண்டத் தொடங்கினார்கள். மூட்டை மூட்டையாகப் பாப்பிரஸ் என்ற நாணல் தாளின் கிழிசல்கள். சோஃபக்ளீஸின் ஒரு சாட்டிர் நாடகத்தில் பெரும்பகுதி அதில் கிடைத்தது.

அந்தக் குவியலில் நமக்குப் பக்கத்தில் வரும் துண்டு ஒன்றும் உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கேலி நாடகத்தில், காரிட்டியன் என்ற கிரேக்கப் பெண் இந்தியக் கடற்கரையில் ஒரு கோவிலில் சிக்கியிருக்கிறாள். அவளை மீட்க வந்தவர்கள் உள்ளூர் அரசனுக்கும் ஆட்களுக்கும் தண்ணீர் கலக்காத மதுவை ஊற்றிக் கொடுத்துச் சாய்த்துவிட்டுக் கப்பலேறுகிறார்கள். கதைக்கட்டு யூரிப்பிடிஸின் ‘டாரிஸில் இஃபிஜினியா’விலிருந்து சுட்டது. உள்ளூர்க்காரர்கள் புரியாத ஒரு பாஷையில் பேசுகிறார்கள். அது பழங்கன்னடம் என்று ஹுல்ட்ஷ் என்ற கல்வெட்டறிஞர் 1904இல் வாதிட்டார், துளு என்றவர்களும் உண்டு, வெறும் உளறல் என்றவர்களும் உண்டு. முடிவு எதுவாக இருந்தாலும், மிளகுக் கப்பல்கள் போய்வந்த காலத்தில் எகிப்தில் ஒரு கூட்டம் ‘இந்தியக் கடற்கரை’ காட்சியைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

பின்னால் வந்தவர்கள்

ரோமானியர்கள் முதலில் எடுத்துக்கொண்டார்கள். இரட்டையர் குழப்பக் கதையைக் கிரேக்க நகைச்சுவை வழியில் பிளாட்டஸ் லத்தீனில் எழுத, அதிலிருந்து ஷேக்ஸ்பியர் ‘தவறுகளின் நகைச்சுவை’யைச் செய்தார். இரட்டை வேடப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபிளாரன்ஸ் நகரத்து அறிஞர்கள் கூட்டம் ஒன்று, கிரேக்கத் துன்பியல் முழுக்கவே பாடப்பட்டது என்று நம்பி அதை மீட்டெடுக்கப் பார்த்தது. கோரஸ் பாடியது உண்மை, வசனம் முழுக்கப் பாட்டு என்பது மிகையான நம்பிக்கை. ஆனால் அந்த முயற்சியில் 1600 வாக்கில் பிறந்தது ஓபரா என்ற புதுக்கலை.

மறுபடி மறுபடி உயிர்பெற்றது சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’. ஈடிப்பஸின் மகள் ஆன்டிகனி, துரோகி என்று அரசன் கிரியான் அறிவித்த தன் அண்ணனின் உடலைத் தடையை மீறி அடக்கம் செய்கிறாள். 1944 பிப்ரவரியில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில், பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் அனூயின் வடிவம் மேடையேறியது. தணிக்கை அதை விட்டுவிட்டது, ஏனென்றால் கிரியானின் வாதமும் வலுவாகவே இருந்தது. பார்வையாளர்களில் பலர் ஆன்டிகனியின் குரலை மட்டும் கேட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் போட்ட ‘ஆன்டிகனி’யில் நெல்சன் மண்டேலா நடித்தார், அதுவும் கிரியானாக. அத்தீவுச் சிறையின் பின்னணியில் அத்தோல் ஃபுகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் ந்ட்ஷோனா மூவரும் 1973இல் உருவாக்கிய ‘தீவு’ நாடகத்தில், இரண்டு கைதிகள் ‘ஆன்டிகனி’க்கு ஒத்திகை பார்க்கிறார்கள். கொல்கத்தாவில் நாடக இயக்குநர் ஷம்பு மித்ரா 1964இல் ஈடிப்பஸை வங்காளத்தில் ஆடினார்.

கதை தெரிந்திருப்பதன் சௌகரியம் இங்கேதான். பாரிஸிலோ கேப் டவுனிலோ அரசாங்கத்தின் பேரைச் சொல்லாமலே எல்லாம் சொல்லிவிடலாம். யார் கிரியான் என்று அரங்கில் இருப்பவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள்.

படிக்கத் தொடங்க விரும்பினால் முதலில் ‘ஆன்டிகனி’ அல்லது ‘மன்னன் ஈடிப்பஸ்’. ஒரே மாலையில் முடித்துவிடலாம், அளவு அவ்வளவுதான். அடுத்து ‘மீடியா’. ஈஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ மகத்தானது, ஆனால் தொடக்கத்துக் கோரஸ் பாடல் நீண்டுகொண்டே போகும், அதைக் கொஞ்சம் பழகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஹோமர் வேண்டுமென்றால் ‘இலியட்’டின் முதல் காண்டமும் 24ஆம் காண்டமும் மட்டும் முதலில் போதும். அரிஸ்டாஃபனிஸை மட்டும் அடிக்குறிப்பு உள்ள பதிப்பில் படியுங்கள். அவருடைய நக்கலில் பாதி அந்த ஊர் அரசியல்வாதிகளைப் பற்றியது, குறிப்பில்லாமல் படித்தால் எல்லாரும் எதற்குச் சிரித்தார்கள் என்றே பிடிபடாது.